நான்காவது இடம்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி தாண்டிவிட்டால் ராபர்ட்டுக்குக் கை ஓடாது. பெருங்குடி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஏ.சி. காற்று நேரே உச்சந்தலையில் இறங்கும் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, கைபேசியைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் மல்லாத்திப் போட்டுவிட்டு, திரையில் ஏதோ தலைபோகிற வேலை இருப்பதுபோல் மவுஸை நகர்த்திக்கொண்டிருப்பான். அன்றைக்கு ஐந்து பன்னிரண்டுக்கு அது அதிர்ந்தது. முதல் மணியிலேயே எடுத்தால் காத்துக்கொண்டிருந்தது தெரிந்துபோகும் என்று மூன்று மணி அடிக்கவிட்டு எடுத்தான். பக்கத்து இருக்கை குருபிரசாத் திரும்பிப் பார்க்காமலேயே சிரித்தான். இரண்டு வருடமாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் அவன்.

"ராபர்ட் சார், ரெண்டாவது வரிசையில ஒண்ணு மாட்டிக்கிச்சு," என்றாள் ஜஹனாரா. "வலது ஓரத்துல ஒரு புடவை மட்டும் தனியா நிக்குது. இடது பக்கம் மூணு எடம் காலி."

தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில், நான்கு மாடிப் பட்டுப்புடவைக் கடை அது. அதன் இணையதளத்தை ராபர்ட் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனிதான் எந்தக் காலத்திலோ செய்துகொடுத்து இன்றுவரை பார்த்துக்கொள்கிறது. வாரா வாரம் வெள்ளிக்கிழமை பதினாறு புதுப் புடவைகள் தளத்தில் ஏறும். படம் எடுக்க ஒரு ஆள், படத்துக்குக் கீழே நாலு வரி எழுத ஜஹனாரா. புடவைக்கு ஒரு கட்டம், வரிசைக்கு நாலு கட்டம். பக்கத்தின் அகலத்தைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு மூன்று பங்கு கொடுக்கிற அந்தக் காலத்து ஏற்பாடு. அதில் எல்லாக் கட்டங்களும் இடது பக்கமாக மிதந்துபோய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எல்லாம் ஒரே உயரமாக இருக்கிறவரை கண்கொள்ளாக் காட்சிதான். ஒரு புடவைக்கு மட்டும் எழுத்து கூடி அதன் கட்டம் நீண்டுவிட்டால் போச்சு. பஸ்ஸில் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் பின்னால் ஏறியவர் அவர் காலில் இடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவதில்லையா, அப்படி அடுத்த வரிசையின் முதல் கட்டம் அந்த நீண்ட கட்டத்தில் முட்டி அங்கேயே நின்றுவிடும். இடது பக்கம் பொக்கை வாயாகிவிடும்.

"எந்தப் புடவைக்கு நெறைய எழுதியிருக்கீங்க?" என்று கேட்டான் ராபர்ட்.

மூன்றாவதுக்கு என்றாள். அவனுக்கு அது பார்க்காமலே தெரியும். வலது ஓரத்தில் ஒன்று தனியாக நின்றால் மேல் வரிசையின் மூன்றாவது நீண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரே ஒரு இடம் காலி என்றால் முதலாவது. நான்காவது மட்டும் எவ்வளவு நீண்டாலும் யாருக்கும் தொல்லையில்லை. அதற்கு வலப்பக்கம் நிற்க இடமே இல்லாததால் அடுத்து வருவது தானாக அதற்குக் கீழே போய் இடது ஓரத்தில் சேர்ந்துகொள்ளும். ஆனால் இதையெல்லாம் தெரிந்தவனாகக் காட்டிக்கொண்டால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுமே. எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும், கொஞ்சம் படித்துக்காட்டுங்கள் என்றான். வாரா வாரம் இதையேதான் கேட்கிறான். அவளும் வாரா வாரம் தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்கிறாள்.

"இது கல்யாணப் பெண்ணுக்கான புடவை அல்ல. கல்யாணப் பெண்ணின் அக்காவுக்கானது. எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பந்தியைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு. சாம்பார் சிந்தினாலும் தெரியாத அரக்கு. கொசுவத்தைச் சொருகிக்கொண்டு ஓட வசதியான மெல்லிய கரை. ஆனால் அவள் ஒரு நிமிடம் விளக்குக்குக் கீழே வந்து நின்றால், அப்போது மட்டும், முந்தானையில் மயில்கள் தெரியும்."

ராபர்ட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் ஆரோக்கியமேரியின் மகன். புடவையைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா கட்டும் சின்தடிக் புடவையில் செதில் ஒட்டினால் சுலபமாக உதிர்ந்துவிடும் என்பது மட்டும்தான். அவளோ மீர்சாகிப்பேட்டைக்காரி. வீட்டில் உருது பேசி வளர்ந்து, ராணி மேரிக் கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படித்தவள். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தவள் என்பதை அவளே ஒருநாள் பேச்சுவாக்கில், மழை வருகிறது என்று சொல்வதுபோல் சொல்லியிருந்தாள். அவளை அவன் நேரில் பார்த்தது மொத்தம் இரண்டே தடவை. குரலைக் கேட்டது நூறு வெள்ளிக்கிழமைகள். அவளை அவனுக்குப் பிடித்திருந்தது. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை காலை எழுந்ததும் அடுத்த வெள்ளிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறதே என்று நெஞ்சில் கல்லை வைத்ததுபோல் இருக்கும் அவனுக்கு.

படித்து முடித்ததும், அதை அப்படியே நான்காவது இடத்துக்கு மாற்றச் சொன்னான். அவள் மாற்றினாள். வரிசை நேராகிவிட்டது. தேங்க்ஸ் சார், அடுத்த வாரம் தொந்தரவு பண்ண மாட்டேன் என்றாள் வழக்கம்போல. பரவாயில்ல மேடம் என்றான் வழக்கம்போல.

உண்மையில் இந்த வியாதிக்கு மருந்து ஒரே ஒரு வரி. ஒவ்வொரு நான்கு கட்டத்துக்கும் அடுத்ததைப் பார்த்து, மேலே யார் கால் நீட்டியிருந்தாலும் நீ ஒதுங்கி இடது ஓரத்தில் புதிதாகத் தொடங்கு என்று சொல்கிற வரி. அதைப் போட்டுவிட்டால் எட்டு வரியோ எண்பது வரியோ, எந்தப் புடவைக்கு எவ்வளவு எழுதினாலும் ஒன்றும் ஆகாது. முதல் வாரம் அவள் கூப்பிட்டபோதே ராபர்ட்டுக்கு இது தெரியும். தளத்தில் கைவைக்க வேண்டுமானால் கடையின் ஆன்லைன் பொறுப்பாளர் புகழேந்தியிடம் அனுமதி வாங்க வேண்டும், அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. அதனால் தற்காலிகமாக எதையாவது செய்து சமாளிக்கலாம் என்றுதான் படித்துக்காட்டச் சொன்னான். அவள் படித்தாள். அடுத்த வாரம் அந்த வரியை எழுதித் தயாராக வைத்திருந்தான், புகழேந்தியும் ஊரில்தான் இருந்தார். ஐந்து பத்துக்குக் கைபேசி அடித்தது. அந்த வரி அவன் கணினியிலேயே தங்கிவிட்டது.

"ஏண்டா, அந்த ஒரு வரியப் போட்டுத் தொலைச்சா என்ன? ரெண்டு வருஷமா இத வச்சிண்டு என்னடா பண்ற?" என்று குருபிரசாத் எப்போதாவது கேட்பான். மயிலாப்பூரில் கபாலி கோயில் குளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். காதல் விஷயத்தில் மட்டும் தானொரு வக்கீல் என்ற நினைப்பு அவனுக்கு. நேராகப் போய்ப் பேசு என்பான். நேராகப் போய் என்ன பேசுவது? மதம் ஒரு பக்கம், குப்பம் ஒரு பக்கம், அவள் ஒரு கல்யாணத்தில் அடிபட்டுத் திரும்பியது ஒரு பக்கம். ஒருவேளை அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமையும் போய்விடும். வரிசை உடைகிறவரைக்கும் அவளுக்கு அவனைக் கூப்பிட ஒரு காரணம் இருக்கிறது. அவனுக்கு அந்த அற்பக் காரணமே போதுமாக இருந்தது. வீட்டில் அம்மாகூடக் கண்டுபிடித்துவிட்டாள். "வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம இன்னாத்துக்குடா சட்டைய இஸ்திரி போட்டுக்கினு போற? மீட்டிங் கீதா?" என்று ஒருநாள் கேட்டாள். கீது என்றான். போனில் பேசுவதற்கா இஸ்திரி என்று அவனுக்கே தன்னை நினைத்து வெட்கமாகத்தான் இருந்தது.

ஆவணி முகூர்த்தங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஐந்து பத்து ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று, கைபேசி அசையவில்லை. சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தான். ஐந்து நாற்பதுக்குத் தளத்தைத் திறந்தான். பதினாறு புடவைகளும் ஏறியிருந்தன. நாலு வரிசை, வரிசைக்கு நாலு, பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி நிமிர்ந்து நின்றன. ஒன்றுகூட மாட்டவில்லை. யாராவது வந்து அந்த வரியைப் போட்டுவிட்டார்களா என்று உள்ளே போய்ப் பார்த்தான். போடவில்லை. பிறகுதான் படங்களுக்குக் கீழே இருந்ததைப் படித்தான். அரக்குப் பட்டு, ஜரிகைக் கரை, ரவிக்கைத் துணி உண்டு. அடுத்தது, பச்சைப் பட்டு, ஜரிகைக் கரை, ரவிக்கைத் துணி உண்டு. பதினாறும் இப்படித்தான். அவளுக்கு உடம்புக்கு ஏதாவது ஆகி வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தான்.

இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவனே கூப்பிட்டான். காரணம் ஒன்றும் தயாரித்து வைத்துக்கொள்ளவில்லை. அவள் எடுத்ததும், பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கூப்பிட்டேன் என்று உளறினான்.

"நேரா இருக்குல்ல சார்?" என்றாள். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. "இனிமே மாட்டாது. மீட்டிங்ல புகழேந்தி சார் சொல்லிட்டாரு. வெளிநாட்டுலேருந்து பாக்கறவங்களுக்குப் பக்கம் கோணலா தெரியுதாம். நான் நீளமா எழுதறதாலதான் ஒடையுதாம். எல்லாருக்கும் அது தெரியும், வாரா வாரம் நான்தானே உங்களைக் கூப்பிட்டுச் சரி பண்றேன். பத்து வார்த்தைக்கு மேல கூடாதுன்னுட்டாரு. பத்து வார்த்தை எழுத ஒரு ஆள் எதுக்குன்னு, வர்ற ஒண்ணாந்தேதியிலேருந்து என்னை மூணாவது மாடி சேல்ஸுக்கு மாத்திட்டாங்க."

அவளே தொடர்ந்து, ரெண்டு வருஷமா உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க சார் என்றாள். மன்னிச்சுக்குங்க என்று அவள் சொன்ன அந்த நொடியில் ராபர்ட்டுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

போனை வைத்த கையோடு அந்த வரியை எடுத்துத் தளத்தில் போட்டான். அனுமதியாவது ஒன்றாவது. சோதித்துப் பார்க்க, தன் கணினியிலிருந்த நகலில் மூன்றாவது புடவைக்குக் கீழே வாய்க்கு வந்ததை முப்பது வரி அடித்தான். கட்டம் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. அடுத்த வரிசை கலையாமல் இடது ஓரத்தில் போய் நின்றது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்தப் பத்து நிமிடத்தை இரண்டு வருடமாகச் செலவழிக்க மனமில்லாமல் இருந்திருக்கிறான். அவளுடைய மயில்களும் பந்தியும் அக்காவும் இதற்காகத்தான் காணாமல் போனார்கள். அவன் எதைக் கேட்கக் காத்துக்கொண்டிருந்தானோ அதை அவனே திட்டம்போட்டு ஒழித்ததுபோல் ஆகிவிட்டது.

குருபிரசாத்திடம் சொன்னான். அவன் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. வரியைப் போட்டால் மட்டும் போதாது, தப்பு எழுத்தில் இல்லை, நம்மிடத்தில்தான் என்று கடையில் யாராவது போய்ச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு மூன்றாவது மாடிதான் என்றான். பிறகு நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்து, "மச்சி, இப்பத்தான் கண்டுபிடிச்சோம்னு சொல்லு. ரெண்டு வருஷக் கதையெல்லாம் வாயே தெறக்காத. அவகிட்டயும்தான்," என்றான். அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. திட்டு கம்பெனிக்கு, வேலை அவளுக்கு, அவனுக்கு அவளுடைய நன்றி. யாருக்கும் நஷ்டமில்லை.

மறுநாள் சனிக்கிழமை. முகூர்த்தக் கூட்டத்தில் தி. நகர் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. பைக்கை எங்கோ தள்ளி ஒரு பூங்காவின் மதிலோரம் விட்டுவிட்டு, பைகளும் பிள்ளைகளுமாக வந்த கூட்டத்தில் நீந்திக் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது இஸ்திரி போட்ட சட்டை தொப்பலாக நனைந்துவிட்டிருந்தது. முதலில் புகழேந்தியைப் பார்த்தான். தப்பு எங்களுடையது, அந்தம்மா எவ்வளவு எழுதினாலும் இனிமேல் பக்கம் உடையாது என்றான். புகழேந்தி நம்பவில்லை. தன்னுடைய பெரிய திரையில் தளத்தைத் திறந்து, கையில் கிடைத்த ஒரு கல்யாணப் பத்திரிகையை முதல் புடவைக்குக் கீழே முழுசாக அடித்துப் பார்த்தார். தாய்மாமன், அத்தை, நல்வரவை நாடும் சுற்றம் எல்லாம் உள்ளே போயும் வரிசை கலையவில்லை. பத்திரிகையை அழித்துவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் என்ன புடுங்கிக்கொண்டிருந்தீர்கள் என்ற அர்த்தத்தில் பத்து நிமிடம் பேசினார். கம்பெனிக்குக் கடிதம் போகும் என்றார். ராபர்ட் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் ஆமாம் சார் போட்டான். கடைசியில், சரி, பொங்கல்வரைக்கும் அந்தப் பெண் எழுதட்டும், பார்க்கலாம் என்று சொன்னார். அதற்காகத்தானே வந்தது.

ஜஹனாரா உட்காரும் இடம் இரண்டாவது மாடியில், புடவைக் கட்டுகள் கூரை முட்ட அடுக்கிய அறையின் கோடியில் இருந்தது. ஒரு சின்ன மேசை, கணினி, படம் எடுப்பதற்கான குடை விளக்கு. அவள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அவன் நினைவில் இருந்ததைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தாள், கண்ணாடி புதிதாகப் போட்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் யார் என்று ஒரு கணம் யோசித்தாள். அந்த ஒரு கணம் அவனுக்கு ரொம்ப வலித்தது. அவன் பேசியதும்தான் அவள் முகம் மலர்ந்தது.

விஷயத்தைச் சொன்னான். தப்பு தளத்தில்தான் என்றும், சரிசெய்தாகிவிட்டது என்றும், புகழேந்தி ஒத்துக்கொண்டார் என்றும் சொன்னான். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நிஜமாவா என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நூறு வெள்ளிக்கிழமைகளில் போனில் கேட்ட சிரிப்புதான், ஆனால் சிரிக்கும்போது அவள் தோள்கள் குலுங்கும் என்பது அவனுக்கு இன்றைக்குத்தான் தெரியும். நீங்களா கண்டுபிடிச்சீங்க என்று கேட்டாள். ம் என்றான்.

அவள் ஒரு பிளாஸ்டிக் பையை அவிழ்த்து உள்ளிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. பக்கம் உடையக்கூடாதே என்று பயந்து முதல் மாதத்திலிருந்தே எல்லாவற்றையும் வெட்டித்தான் போடுவாளாம். எட்டு வரி எழுதி மூன்று வரியாக்குவாளாம். ஒரு பச்சைப் புடவைக்கு மட்டும் முழுப்பக்கம் எழுதி, மனசு கேட்காமல் அழுதுகொண்டே வெட்டினாளாம். வெட்டியதைத் தூக்கிப்போட மனம் வராமல் சேர்த்துவைத்திருக்கிறாள். அப்படி வெட்டியும் ஏதாவது ஒன்று கூடிப்போய் மாட்டிக்கொள்ளும், அவனைக் கூப்பிடுவாள்.

"உங்ககிட்ட படிச்சதெல்லாம் மிச்சம்தான் சார்," என்றாள். "இனிமே முழுசா போடலாம்ல?"

குருபிரசாத்தின் நல்ல யோசனை அந்த இடத்தில் உதவவில்லை. அந்தத் தாள்கட்டைப் பார்த்துக்கொண்டு ராபர்ட்டால் அப்படி நிற்க முடியவில்லை. அவள் நன்றியை வாங்கிக்கொண்டு போயிருந்தால் அவளும் அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு நல்ல வார்த்தை பேசக் கூப்பிட்டிருப்பாள். அது நன்றாகத் தெரிந்திருந்தும் வாயைத் திறந்தான்.

"எனக்கு மொதல்லேயே தெரியும்," என்றான். "மொத வாரமே தெரியும். ஒரு வரிதான். போட்டா நீங்க கூப்பிட மாட்டீங்கன்னு போடல."

அவளுக்குப் புரிய நேரமெடுத்தது. ஒரு வரியா என்றாள். ஒரு வரிதான் என்றான். காட்டுங்க என்றாள். அவளுடைய கணினியிலேயே திறந்து காட்டினான். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, ஏதோ புதுமொழி படிக்கிறவள்போல் அந்த வரியை எழுத்து எழுத்தாகப் படித்தாள். கீழே தெருவில் யாரோ ஆட்டோக்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் புடவை மடிப்பவர்கள் சாப்பாட்டுக்கு எழுந்து போகிற சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து தாள்கட்டைப் பழையபடி பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டாள். அவசரத்தில் அது சரியாக விழவில்லை. அவன் உதவக் கையை நீட்டினான். அவள் பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"சும்மாவே கேட்டிருக்கலாமே," என்றாள். "படிச்சுக் காட்டுன்னு கேட்டிருந்தா படிச்சிருப்பேன்."

வேலை இருக்கிறது என்று திரும்பிக்கொண்டாள். சார் என்ற சொல் அந்த இரண்டு வாக்கியங்களில் இல்லை என்பதை அவன் மாடிப்படி இறங்கும்போதுதான் கவனித்தான். அது நெருக்கமா வெறுப்பா என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தெருவுக்கு வந்து, பைக்கை எந்த மதிலோரம் விட்டோம் என்பதே மறந்துபோய், அரைமணி நேரம் வெயிலில் தேடினான்.

புகழேந்தி சொன்னபடி கடிதம் அனுப்பினார். கம்பெனியில் ராபர்ட்டைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்டார்கள், இத்தனை சின்ன விஷயம் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று. கவனிக்கவில்லை என்றான். கடையின் தளத்தை அவனிடமிருந்து எடுத்துக் குருபிரசாத்திடம் கொடுத்தார்கள். அது அவனுக்குப் பெரிய தண்டனையாகத் தெரியவில்லை. இனி அந்தத் தளத்தில் எது உடைந்தாலும் மணி அடிப்பது பக்கத்து மேசையில் என்பதுதான் உறுத்திற்று. ஆனால் அங்கேயும் அடிக்கவில்லை. உடைவதற்கு ஒன்றும் இல்லையே.

வெள்ளிக்கிழமைகள் வந்தன, போயின. ஐந்து மணிக்குப் புடவைகள் ஏறும். அவன் தளத்தைத் திறந்து எல்லோரையும்போல வெளியாளாக உட்கார்ந்து படிப்பான். அவள் இப்போது முழுசாக எழுதினாள். மாம்பழ மஞ்சள் புடவைக்குக் கீழே, ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்தவள் கட்டியிருந்ததால் மட்டுமே நினைவில் தங்கிப்போகிற நிறம் என்று எழுதியிருந்தாள். நாவல்பழக் கலர் புடவை ஒன்றைப் பற்றி ஏறக்குறைய ஒரு கடிதமே எழுதியிருந்தாள், யாரோ தன் தங்கைக்கு எழுதுவதுபோல. சில கட்டங்கள் தரையைத் தொடுகிற திரைச்சீலைபோல் நீண்டு தொங்கின. பக்கத்திலிருக்கும் சின்னக் கட்டங்களுக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக இடம் விட்டிருக்கும், அடுத்த வரிசை அதற்குக் கீழே சமர்த்தாகத் தொடங்கும். அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மாள் புடவையே வாங்காமல், படிப்பதற்காகவே வருகிறேன் என்று குறிப்பு எழுதியிருந்தாள். ராபர்ட் அந்தக் குறிப்பைப் பத்துத் தடவையாவது படித்திருப்பான். ஆனால் எவ்வளவு படித்தாலும் அவள் எந்த இடத்தில் மூச்சு விடுவாள், எந்தச் சொல்லில் குரல் இறங்கும் என்பது எழுத்தில் இல்லை. அது அவனுக்குக் கிட்டவே இல்லை. பதினாறையும் படித்துவிட்டு, பசி அடங்காதவனாக மறுபடியும் முதல் புடவைக்குப் போவான்.

மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுச் செய்தி எழுதி, மூன்றையும் அனுப்பாமல் அழித்தான். மன்னிப்பு என்பதுகூட ஒரு காரணம்தான். காரணம் சொல்லிக் கூப்பிட்டுத்தானே இந்தக் கதிக்கு வந்தது. அம்மா ஒருநாள் அவன் கசங்கிய சட்டையோடு கிளம்புவதைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, மீட்டிங் இல்லியா இன்னிக்கி?" என்றாள். இல்லம்மா என்றான். அவள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே, "வலையப் போட்டு இஸ்துகினு வராம மீன் இன்னா தானா வருமா நைனா," என்று அவனுக்கா மீனுக்கா என்று தெரியாமல் முணுமுணுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டாள்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை. அலுவலகத்தில் பாதிப் பேர் கிளம்பிவிட்டிருந்தார்கள். அவன் கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்து, ஜன்னல் ஓரம் படியில் உட்கார்ந்தான். வெளியே ஓ.எம்.ஆரில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. எண்ணை அழுத்தினான். ஒரு மணி, இரண்டு மணி, ஐந்து, ஆறு. வைத்துவிடலாம் என்று காதிலிருந்து எடுக்கப்போனபோது அந்தப் பக்கம் அவள் எடுத்தாள். கடைச் சத்தம் மட்டும் கேட்டது.

"எதுவும் மாட்டிக்கல," என்றான் ராபர்ட். "எல்லாம் நேராத்தான் இருக்கு. சும்மாதான் கூப்பிட்டேன். ஒண்ணு படிச்சுக் காட்டுவீங்களா?"

"இருங்க," என்றாள்.

கைபேசியை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. காலடி தள்ளிப் போயிற்று. யாரோ கூப்பிட்டு அந்தப் பக்கம் போகிறாளா, எதையாவது எடுக்கப் போகிறாளா, வேண்டுமென்றே அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாளா, ஒன்றும் விளங்கவில்லை. தூரத்தில் ஒரு பெண், இதே கரையில் வேறு கலர் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். புடவைகளை உதறும் சத்தம், மடிக்கும் சத்தம், லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம். அந்தத் தாள்கட்டைப் போட்டிருந்த பிளாஸ்டிக் பை சரசரத்ததுபோலவும் இருந்தது. கைபேசியில் நிமிடம் நாலாகி, ஐந்தாகி, ஆறாகிக்கொண்டிருந்தது. குருபிரசாத் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தவன் அவனைப் பார்த்து நின்றான். ராபர்ட் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான். பிறகு சுவரோடு ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டு, மற்றொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, அவள் மேசைமேல் கிடந்த கைபேசி வழியாக வந்த சத்தத்துக்குள் இன்னும் குனிந்தான்.